தொண்ணூறும் தொள்ளாயிரமும்: பிள்ளைகளுக்குக் கணினித் தாளில் எண் பயிற்சி

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "தொண்ணூறு எழுது" என்று சொன்னால், சில பிள்ளைகள் 900 என்று எழுதிவிடுகிறார்கள். இது கவனக்குறைவு அல்ல. 'தொண்ணூறு' என்ற சொல்லில் நூறும், 'தொள்ளாயிரம்' என்ற சொல்லில் ஆயிரமும் ஒலிக்கின்றன. காதில் விழுந்ததைப் பிள்ளை எழுதுகிறது. அதேபோல் 47-ஐயும் 38-ஐயும் கூட்டச் சொன்னால் 715 என்று விடை வரும். ஏழும் எட்டும் பதினைந்து, நாலும் மூன்றும் ஏழு. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டது. காரணம் ஒன்றுதான்: ஓர் இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பது மனதில் பதியவில்லை.

இது சிறு வயதிலேயே சரியாகாவிட்டால், பின்னால் வகுத்தல், தசமம், சதவீதம் எல்லாம் தடுமாறும். "இவனுக்குக் கணக்கு வராது" என்று வீட்டாரே முடிவு கட்டிவிடுவார்கள். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் எட்டு வயதுக்குள் அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வேண்டும் என்றுதான் சொல்கிறது.

கடைக் கணக்குக்குப் பலரும் பயன்படுத்தும் எக்ஸெல் இதற்கு நல்ல கருவி. எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற மென்பொருளை இலவசமாகப் பெறலாம். ஒருமுறை ஏற்றிவிட்டால் இன்டர்நெட் தேவையில்லை.

முதல் தாள், இடமதிப்புக்கு. முதல் வரிசையில் நூறு, பத்து, ஒன்று, எண் என்று நான்கு தலைப்புகள் எழுதுங்கள். 'எண்' என்பதற்குக் கீழே உள்ள கட்டத்தில் =ஏ2*100+பி2*10+சி2 என்று தட்டுங்கள். (எழுத்துகளை ஆங்கிலத்தில் தட்ட வேண்டும்.) இப்போது பிள்ளை 9-ஐப் 'பத்து' கட்டத்தில் போட்டால் 90 வரும். அதை அழித்துவிட்டு 'நூறு' கட்டத்தில் போட்டால் 900 வரும். அதே ஒன்பதுதான், இடம்தான் மாறியது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் என்ன எண் வரும் என்று வாயால் சொன்ன பிறகே எண்டர் தட்ட வேண்டும்.

இரண்டாம் தாள், கூட்டலுக்கு. முதல் இரண்டு கட்டங்களில் நீங்கள் எண்களைப் போடுங்கள். மூன்றாவது கட்டம் பிள்ளையின் விடைக்கு. நான்காவதில் =இஃப்(சி2=ஏ2+பி2,"சரி","யோசி") என்று எழுதுங்கள். இதிலும் அடைப்புக்குறிக்கு முன் உள்ள சொல்லையும் கட்டங்களின் எழுத்துகளையும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும். விடை சரியாகும் வரை 'யோசி' என்றே இருக்கும். சிவப்புப் பேனாவில் தப்பு போடுவதில்லை, யாரும் அதட்டுவதில்லை. அதனால் பிள்ளை பயமின்றி மறுபடி முயலும்.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தாள் பிள்ளைக்காகக் கணக்குப் போடக் கூடாது. பிள்ளை போட்டதைச் சரிபார்க்க மட்டுமே வேண்டும். ஆகவே முதலில் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணட்டும். பிறகு நோட்டில் எழுதட்டும். கடைசியில்தான் கணினி. நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். 'யோசி' என்று வந்தால் விடையைச் சொல்லிவிடாமல் "எப்படிப் போட்டாய்?" என்று கேளுங்கள். பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

அதிகம் படிக்காத தாய்மார்களும் இதைச் செய்யலாம். எண்ணை வாயால் சொல்லவும் பிள்ளை சொல்வதைக் கேட்கவும் தெரிந்தால் போதும்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை நமது டிரஸ்ட் கணினி அறைக்கு அழைத்து வரலாம். கணினி உள்ளவர்கள் பென் டிரைவ் கொண்டு வந்தால் இரண்டு தாள்களையும் பதிந்து தருகிறோம். கட்டணம் எதுவும் இல்லை. தாயோ தந்தையோ ஒருவர் உடன் வந்து அமர வேண்டும் என்பது மட்டுமே எங்கள் வேண்டுகோள்.