கோபுரம் ஆவடியில், ஒலிவாங்கி கடற்கரையில்

சென்னை வானொலி நிலையத்தின் அரங்குகள் மெரினாவை ஒட்டிய காமராசர் சாலையில் இருந்தாலும், அங்கே பேசப்படுவதை அலையாக்கி அனுப்பும் உயர்திறன் கருவிகளும் கோபுரங்களும் ஆவடியில் நிற்கின்றன. மத்திய அலை எனப்படும் ஒலிபரப்பு நிலத்தை ஒட்டியே பரவுவதால், அதற்கு உயர்ந்த கம்பமும், அதன் அடியில் செப்புக் கம்பிகளைப் புதைத்து வைக்கப் பரந்த வெளியும் வேண்டும். அத்தகைய இடம் நகருக்குள் கிடைப்பது அரிது.

உள்ளூர் முயற்சியாகத் தொடங்கியதே சென்னையின் வானொலி. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முன்முயற்சியால் உருவான வானொலிக் கழகம் பணமின்றி 1927இல் ஓய்ந்துபோக, அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. ஒரு நகராட்சி மன்றம் தன் மக்களுக்காக வானொலி நடத்திய அந்த எட்டாண்டுகள் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியவை. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி இப்பணியை ஏற்றது.

அதன்பின் இந்நிலையம் எழுத்தாளர்களின் பணியிடமாகவும் விளங்கியது. தி. ஜானகிராமன் இங்கே பள்ளிகளுக்கான கல்வி ஒலிபரப்பைக் கவனித்தார். நாவலாசிரியர் அகிலன் பணியாற்றியதும் இங்கேதான். வேளாண் நிகழ்ச்சிகளின் வழியே வானொலிக்கு வந்த தென்கச்சி கோ. சுவாமிநாதன், 'இன்று ஒரு தகவல்' வாயிலாகச் சில நிமிடப் பேச்சையே தனியொரு இலக்கிய வடிவமாக வளர்த்தார். வானொலி உழவரிடம் பெற்றிருந்த நம்பிக்கையும் சிறிதன்று: 1960களில் திருச்சி நிலையம் பரப்பிய ஏ.டி.டி. 27 என்னும் நெல், தஞ்சை வட்டாரத்தில் வானொலியின் பெயராலேயே வழங்கியது.

அரசியல் செய்தியில் இந்நிலையத்தின் பொறுப்பு இன்னும் கனமானது. தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி மறு ஒலிபரப்பு செய்ய மட்டுமே இயலும். எனவே, ஒரு வார்டின் குடிநீர்ச் சிக்கலை வானொலிச் செய்தியாக்கும் உரிமை நடைமுறையில் பொது வானொலியிடமே உள்ளது. ஒரே நிறுவனத்துக்குக் கிடைத்த உரிமை, அதற்குரிய கடமையையும் உடன் சுமத்துகிறது.

அக்கடமைக்கு மேற்குப் புறநகரில் பொருள் நிறைய உண்டு. சோஷலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்த 1955ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடியது; அவ்வூர் 2019இல் மாநகராட்சியானது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வைணவ மரபில் போற்றப்படும் திருக்கச்சி நம்பிகள் பிறந்த தலம் பூந்தமல்லி. இவற்றை ஆண்டுவிழாச் செய்திகளாகக் கடந்துபோவது போதாது. மாமன்றக் கூட்டங்களையும், தொழிற்பேட்டைத் தொழிலாளரின் வாழ்வையும், இப்பகுதி எழுத்தாளரின் புதிய நூல்களையும் பேசும் வாராந்திர நிகழ்ச்சி ஒன்றைச் சென்னை நிலையம் தொடங்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் உரிமை இவ்வூர்களின் நேயர்களுக்கு உண்டு, அவர்கள் நிலையத்துக்கு எழுத வேண்டும்.