துருவின் பங்காளி, மின்சாரத்தின் கூட்டாளி

தூத்துக்குடியில் உலோக ஆக்சைடு என்றால் துருதான். உப்புக்காற்று வீட்டு கேட், படகு ஆணி, துறைமுகக் கிரேன் எதையும் விடாது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) இந்த அரிப்பை ஆராயவே தூத்துக்குடியில் ஒரு மையம் வைத்திருக்கிறது. அதே சிக்ரி, பேட்டரிகளுக்காக உலோக ஆக்சைடுகளைத் தயாரிக்கவும் செய்கிறது. கடற்கரையில் எதிரி, ஆய்வகத்தில் கூட்டாளி!

மாங்கனீசு டை ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். டார்ச் லைட் பேட்டரிக்குள் இருக்குமே, அந்தக் கறுப்புப் பொடி. 1999-இல் லீயும் ஜான் குடினஃபும் (பின்னாளில் நோபல் வாங்கியவர்) இதை பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மீமின்தேக்கியாக, அதாவது சூப்பர் கெபாசிட்டராக, வேலை செய்ய வைத்தார்கள். கிடைத்தது கிராமுக்குச் சுமார் 200 ஃபாரட். ஏட்டுக் கணக்குப்படியோ சுமார் 1,370 கிடைக்க வேண்டும். மிச்சம் எங்கே போச்சு?

எங்கேயும் போகவில்லை. இந்த ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அயனிகளும் ஆழமாக நுழையாது. மேல்தோல் மட்டும் உழைக்கிறது, உள்ளே இருப்பது சும்மா கிடக்கிறது. அப்படியென்றால், பொருள் முழுவதையும் மேல்தோலாகவே ஆக்கிவிட்டால்?

ஜப்பானில் சசாகியின் குழு 2003-இல் செய்து காட்டியது இதைத்தான். அடுக்கடுக்கான மாங்கனீசு ஆக்சைடை அமிலத்தில் ஊறவைத்தால் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும் பொட்டாசியம் வெளியேறும், அந்த இடத்தில் புரோட்டான் உட்காரும். பிறகு பருமனான கரிம அம்மோனியம் அயனிகளை நுழைத்தால் அடுக்குகள் உப்பி, தனித்தனித் தாளாகப் பிரியும். ஒரு தாளின் தடிமன் 1 நானோமீட்டருக்கும் குறைவு. முத்துக்குப் பளபளப்பு தரும் சுண்ணாம்புத் தகடு ஒவ்வொன்றும் சுமார் 500 நானோமீட்டர். வித்தியாசம் புரிகிறதா?

சிக்கலும் இங்கேதான். காய்ந்ததும் தாள்கள் நனைந்த அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும், பழையபடி கட்டிதான். அதனால் நடுநடுவே கிராஃபீனோ கார்பன் நானோகுழாயோ வைக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். கிராமுக்கு ஆயிரம் ஃபாரட் என்று யாராவது சொன்னால், ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை மில்லிகிராம் பூசினார்கள் என்று கேளுங்கள். ஒரு மில்லிகிராம்கூட இல்லையென்றால், உலோகத்தகடு, கரைசல், உறை எல்லாம் சேர்ந்த நிஜக் கலத்தில் அந்த எண் கரைந்துபோகும்.

இது எங்கே உதவும்? துறைமுகத்தில் கன்டெய்னரைக் கீழே இறக்கும்போது வெளிப்படும் ஆற்றலைச் சில நொடிகளில் வாங்கி, அடுத்ததைத் தூக்கும்போது திருப்பிக் கொடுக்க மீமின்தேக்கி கச்சிதம். பகல் வெயிலை ராத்திரிக்குச் சேமிப்பது வேறு வேலை. அதற்கு பேட்டரிதான்.