பாட்டியின் படம் எங்கே?

பாட்டி காலமாகிவிட்டார். பத்திரிகையில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கூடத்தில் மாலை போட்டு வைக்கவும் ஒரு படம் வேண்டும்.

பேரனின் செல்போனில் 5 ஆயிரம் படங்கள் இருக்கின்றன. வீட்டார் எல்லோரும் சேர்ந்து தேடுகிறார்கள். ஒரு படத்தில் பாட்டியின் முகம் ஒரே இருட்டு. ஒன்றில் பாதித் தலை இல்லை. இன்னொன்றில் கை ஆடி, உருவம் கலங்கிக் கிடக்கிறது. கடைசியில் ஆதார் அட்டையில் உள்ள சின்னப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டுகிறார்கள்!

பல வீடுகளில் நடக்கிற கதை இது.

"நல்ல காமிரா வாங்கியிருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்று சிலர் வருத்தப்படுவார்கள். குறை காமிராவில் இல்லை. வெளிச்சத்தைக் கவனிக்காததுதான் குறை.

ஜன்னல் ஓரம்

வீட்டுக்குள் நல்ல வெளிச்சம் கிடைக்கும் இடம், ஜன்னல் ஓரம். காலை நேரத்தில், ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி நாற்காலி போட்டுப் பாட்டியை உட்கார வைக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து முகத்தில் விழ வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப் போகும்.

மின்சார விளக்கை அணைத்துவிட வேண்டும். இரண்டு வெளிச்சமும் கலந்தால் முகத்தின் நிறம் மாறிவிடும். 'பிளாஷ்' விளக்கும் வேண்டாம். அது நேராக அடிப்பதால் முகம் தட்டையாகத் தெரியும்.

வெளியே எடுப்பதானால் காலை 8 மணிக்குள் எடுக்கலாம். அல்லது மாலை 4 மணிக்கு மேல் எடுக்கலாம். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். அந்த நேரத்தில் திண்ணை நிழலே நல்லது.

கை ஆடக்கூடாது

முதலில் லென்சைத் துடைக்க வேண்டும். விரல் பட்டு எண்ணெய் படிந்த லென்சில் எடுத்தால், பனி மூட்டத்தில் எடுத்ததுபோல் இருக்கும். மெல்லிய, சுத்தமான பருத்தித் துணி போதும்.

முழங்கை இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் சாய்ந்து நிற்பது இன்னும் நல்லது. காமிரா, பாட்டியின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். செல்போன் திரையில் அவர் முகத்தை விரலால் தொட்டால், அந்த இடம் தெளிவாக விழும்.

மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். நாலைந்து அடி தள்ளி நிற்பதே சரி.

தனிக் காமிராவில், மூடி திறந்து மூடும் வேகத்தை நாமே வைக்கலாம். உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நொடியில் 125-ல் ஒரு பங்கு நேரம் சரியாக இருக்கும். ஓடும் குழந்தைக்கு 500-ல் ஒரு பங்கு வேண்டும்.

எண்ணைக் கண்டு மயங்காதீர்!

"இது 50 மெகா பிக்சல், அது 100 மெகா பிக்சல்" என்பார் கடைக்காரர். ஒரு மெகா பிக்சல் என்பது 10 லட்சம் புள்ளிகள்.

1975-ம் ஆண்டில் அமெரிக்காவில், கோடாக் கம்பெனி என்ஜினீயர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். அதன் படத்தில் 10 ஆயிரம் புள்ளிகள்தான். ஒரு படத்தைப் பதிவு செய்ய 23 வினாடி பிடித்தது!

இன்று நமக்கு எத்தனை புள்ளி வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 6 அங்குல நீளம், 4 அங்குல அகலமுள்ள படத்துக்கு 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். சுவரில் மாட்டும் 12-க்கு 8 அங்குலப் படத்துக்கு 86 லட்சத்து 40 ஆயிரம். 12 மெகா பிக்சல் செல்போனே இதற்குத் தாராளம்!

பணத்தை எதில் போடலாம்?

அப்படியானால் தனிக் காமிரா வீணா? இல்லை. மங்கலான கல்யாண மண்டபம், மேடையில் ஆடும் மகள், மரத்து உச்சியில் இருக்கும் பறவை - இவற்றுக்குத் தனிக் காமிரா உதவும். அதற்குள் வெளிச்சத்தை வாங்கும் 'சென்சார்' என்ற தகடு பெரியது. வாய் அகன்ற அண்டாவில் மழைநீர் அதிகம் சேரும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

காமிராவைவிட லென்சுக்குச் செலவிடுவது லாபம். லென்சின் திறப்பைக் குறிக்க 1.8, 5.6 என்று எண்கள் உண்டு. எண் சிறியதானால் திறப்பு பெரிது. 5.6-ல் நுழைவதைப்போல 9 மடங்குக்கு மேல் வெளிச்சம் 1.8-ல் நுழையும். 50 மில்லி மீட்டர், 1.8 லென்ஸ் முகங்களை எடுக்க ஏற்றது. லென்சுகளில் விலை குறைந்த வகைகளில் அதுவும் ஒன்று.

பழைய காமிரா வாங்கினாலும் தவறில்லை. ஆனால், லென்சுக்குள் டார்ச் விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் தெரிந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதை வாங்கக்கூடாது. ஈரக் காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இந்தத் தொல்லை அதிகம். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் 'சிலிக்கா' பொட்டலத்துடன் லென்சை வைக்க வேண்டும்.

மூன்று பிரதி

எடுத்தால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். செல்போன் கிணற்றில் விழுந்தால் படங்களும் போயின! செல்போனில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, உறவினர் வீட்டில் 'பென் டிரைவ்' ஒன்றில் மற்றொன்று - இப்படி மூன்று பிரதி இருந்தால் பயமில்லை. நல்ல படங்களை அச்சிட்டு ஆல்பத்திலும் வைக்க வேண்டும்.

காமிராவை அடுத்த மாதம் வாங்கலாம். லென்சைத் தீபாவளிக்கு வாங்கலாம். பாட்டியின் வயது அதுவரை காத்திருக்காது. பாட்டி இருக்கிற வீட்டார், நாளைக் காலையே ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போடுங்கள். அவருடைய கல்யாணக் கதையைக் கேளுங்கள். சொல்லும்போதே பாட்டிக்குச் சிரிப்பு வரும்.

அதுதான் சமயம். 'கிளிக்'!