டிமென்ஷியா உள்ளவர்களுக்கு ஒரு நட்பு வட்டம்: ஏனாத்தூரில் தொடங்கினால் எப்படி இருக்கும்?

"அத்திவரதரைப் பார்த்தீங்களா?"

காஞ்சிபுரம் பக்கத்தில் எந்தப் பெரியவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வருபவர் அத்திவரதர். 1979-ல் வந்தார், அடுத்து 2019-ல் வந்தார். டிமென்ஷியா உள்ள ஒருவரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் வினோதமாக இருக்கலாம். 2019-ல் மணிக்கணக்கில் வரிசையில் நின்றது சுத்தமாக நினைவில் இருக்காது. ஆனால் 1979-ல் யாரோடு போனார், வழியில் என்ன வாங்கிச் சாப்பிட்டார் என்பதையெல்லாம் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்.

இந்தப் பழைய நினைவுகளை வைத்துக்கொண்டு அவரோடு ஒன்றரை மணி நேரம் சந்தோஷமாகப் பேச முடியும். அதற்காகவே கூடும் குழுக்கள் உலகின் பல ஊர்களில் இயங்குகின்றன. அப்படி ஒன்றை நம்ம ஏனாத்தூரில் நடத்த என்னவெல்லாம் தேவை? பார்ப்போம்.

டிமென்ஷியா என்றால் வெறும் மறதியா?

இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் நடப்பது. சாவி எதற்கு என்பதே புரியாமல் போவது டிமென்ஷியாவாக இருக்கலாம். நினைவு, பேச்சு, முடிவெடுப்பது, வழி கண்டுபிடிப்பது எனப் பல திறன்கள் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்க்கையே தடுமாறும். இதற்கு மிகப் பொதுவான காரணம் அல்சைமர் நோய். புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியை அது முதலில் தாக்குகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, கல்யாணச் சாப்பாடு மறப்பதில்லை.

2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் அதிகம். உங்கள் தெருவில் 100 பெரியவர்கள் இருந்தால், ஏழு பேர் வீட்டில் இந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் வெளியே தெரியாது. "வயசானா இப்படித்தான்" என்று ஒரு வீடு விட்டுவிடும். "யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று இன்னொரு வீடு கதவைச் சாத்திக்கொள்ளும்.

குழுவில் சேர்ந்தால் நோய் சரியாகிவிடுமா?

சரியாகாது. இதை முதல் நாளே குடும்பத்திடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் தனிமை ஒருவரை இன்னும் வேகமாக முடக்கிவிடும். லான்செட் ஆணையம் 2024-ல் பட்டியலிட்ட, நாம் மாற்றக்கூடிய 14 டிமென்ஷியா ஆபத்துக் காரணிகளில் சமூகத் தனிமையும் கேட்கும் திறன் குறைவும் உண்டு.

குழுவாகச் செய்யும் பயிற்சிகளுக்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. பிரிட்டனில் உருவான 'அறிவாற்றல் தூண்டல் சிகிச்சை' என்ற முறையில், சிறு குழுவாக வாரம் இரண்டு முறை, ஏழு வாரங்களில் 14 அமர்வுகள் நடத்துவார்கள். ஒவ்வொன்றும் சுமார் 45 நிமிடம். லேசான, நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கு இது சிறிய அளவில் பலன் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் அமைப்பு இந்த முறையைத் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றி நடத்தியிருக்கிறது. 1984-ல் டாக்டர் சாரதா மேனன் முன்னின்று தொடங்கிய மனநல அமைப்பு அது. டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியாவுக்கெனத் தனிப் பிரிவும் அங்கே உண்டு.

யார் தொடங்கியது இந்த யோசனை?

1997-ல் நெதர்லாந்தில் பெரே மீசன் என்ற உளவியலாளர் 'அல்சைமர் கஃபே'யைத் தொடங்கினார். நோயாளி, குடும்பத்தினர், மருத்துவர் எல்லோரும் ஒரே இடத்தில் காபி குடித்துக்கொண்டே பேசுவார்கள். அவ்வளவுதான். இந்த நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசவே தயங்கிய காலத்தில் அது பெரிய விஷயம்.

இந்தியாவில் இந்தத் துறையின் முன்னோடி கேரளம். 1992-ல் டாக்டர் ஜேக்கப் ராய் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்புக்கு இன்று சென்னை உட்படப் பல நகரங்களில் கிளைகள் உள்ளன.

ஏனாத்தூரில் எங்கே, எப்போது கூடலாம்?

தரைத்தளத்தில் ஒரு கூடம் போதும். நூலகம், பள்ளி வகுப்பறை, கூட்டுறவுச் சங்கக் கூடம் எதுவாக இருந்தாலும் சரி. பார்க்க வேண்டியவை மூன்று. படிக்கட்டு இருக்கக் கூடாது. கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும், அதன் கதவில் படத்தோடு பெரிய எழுத்தில் பலகை வேண்டும். நல்ல வெளிச்சம் வேண்டும். தரையில் கறுப்பு மிதியடி போடாதீர்கள். டிமென்ஷியா உள்ள சிலருக்கு அது பள்ளம் மாதிரித் தெரியும், தாண்டப் பயப்படுவார்கள்.

நேரம் காலை 10.30 முதல் 12 வரை. சாயங்காலம் வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் பலருக்குப் பதற்றமும் குழப்பமும் கூடும். ஒவ்வொரு வாரமும் அதே கிழமை, அதே அறை, அதே நாற்காலி வரிசை. நமக்கு போர் அடிக்கும் ஒழுங்குதான் அவர்களுக்குத் தெம்பு.

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். இருவருக்கு ஒரு தன்னார்வலராவது வேண்டும். ஏனாத்தூரிலேயே பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரியும் இருப்பதால், விருப்பமுள்ள மாணவர்களைக் கேட்டுப் பார்க்கலாம். ஒருவர் வாசலுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். "வீட்டுக்குப் போறேன்" என்று யாராவது எழுந்து நடந்தால், தடுக்காமல் கூடவே நாலு எட்டு நடந்து, பேச்சுக் கொடுத்துத் திருப்பி அழைத்து வர.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்ன செய்வது?

முதல் 10 நிமிடம், வரவேற்பு. எல்லோருக்கும் (தன்னார்வலர்களுக்கும்) பெரிய எழுத்தில் பெயர் அட்டை. "என்னைத் தெரியுதா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. அது அவர்களுக்குப் பரீட்சை. "வணக்கம் பாட்டி, நான் மருத்துவக் கல்லூரியில படிக்கிற பொண்ணு, போன வாரமும் வந்திருந்தேன்" என்று நாமே சொல்லிவிட வேண்டும். பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டு, ஒவ்வொரு வாரமும் அதே பாட்டு.

அடுத்த 40 நிமிடம், கைவேலையும் பேச்சும். இங்கேதான் காஞ்சிக்குக் கூடுதல் சௌகரியம். பல ஆண்டு பழகிய கைவேலை, சம்பவ நினைவுகள் இருக்கும் இடத்தில் இருப்பதில்லை. மூளையின் வேறு பகுதிகள் அதைப் பார்த்துக்கொள்கின்றன, அல்சைமரில் அவை பெரும்பாலும் தாமதமாகவே பாதிக்கப்படும். 40 வருடம் தறியில் உட்கார்ந்தவருக்கு இன்றைய தேதி தெரியாமல் இருக்கலாம். ஒரு கண்டு பட்டு நூலைக் கையில் கொடுத்தால், விரல் தானாக இழையைப் பிரிக்கும். தார் சுற்றுவது, நிறவாரியாக நூல் பிரிப்பது, பழைய பட்டுச் சேலையின் கரையைத் தடவிப் பார்த்து "இது கோர்வையா, இல்லையா?" என்று பேசுவது எல்லாமே நல்ல அமர்வுகள். நெசவு தெரியாதவர்களுக்குப் பூ கட்டுவது, புளி ஆய்வது, கோலம் போடுவது.

பேச்சில் ஒரு விதி உண்டு: தகவல் கேட்காதீர்கள், கருத்துக் கேளுங்கள். "முதலமைச்சர் யார்?" வேண்டாம். "சாம்பாரா, வத்தக்குழம்பா? எது ருசி?" என்று கேளுங்கள். இதில் தப்பான பதிலே கிடையாது.

இன்னொன்று, காஞ்சியில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் உண்டு. நோய் முற்றும்போது சிலர் சின்ன வயதில் பேசிய மொழிக்கே திரும்பிவிடுவார்கள். அந்த மொழி தெரிந்த ஒருவர் குழுவில் இருப்பது நல்லது.

பிறகு 20 நிமிடம், டீயும் பலகாரமும். மிளகு, சீரகம், சுக்கு போட்ட காஞ்சிபுரம் இட்லியின் வாசனையே ஒரு உரையாடலைத் தொடங்கிவிடும். யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்கு விழுங்கக் கஷ்டம் என்ற குறிப்பு கையில் இருக்க வேண்டும். மீதி நேரம், பாட்டோடு நிதானமாக விடைபெறுவது.

"எங்க அம்மா எங்கே?" என்று ஒரு பாட்டி கேட்டால்?

"அவங்க செத்து 30 வருஷம் ஆச்சே" என்று சொன்னால், அந்தச் சாவை அவர் இப்போதுதான் முதல்முறை கேட்கிறார். அரை மணி நேரம் கழித்து மறந்து, மறுபடி கேட்பார். ஒவ்வொரு முறையும் அதே அழுகை. பொய் சொல்லவும் வேண்டாம். "அம்மா ஞாபகம் வந்துடுச்சா? அவங்க என்ன சமைப்பாங்க?" என்று கேளுங்கள். அவர் தேடுவது பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பைத்தான்.

கூட வரும் மருமகளுக்கு?

பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோதான் பார்த்துக்கொள்கிறார்கள். ராத்திரி தூக்கம் இருக்காது, கல்யாணம் காட்சிக்குப் போக முடியாது. அவர்களுக்குப் பக்கத்து அறையில் தனி வட்டம் போடுங்கள். உபதேசம் தேவையில்லை. "எனக்கே சில நாள் கோவத்துல கத்திடத் தோணுது" என்று ஒருவர் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் "எனக்கும்தான்" என்றால், அதுவே பாதி பாரத்தை இறக்கிவிடும்.

செய்யக் கூடாதவை

* அனுமதி இல்லாமல் போட்டோ, ரீல்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வேண்டாம். "வேண்டாம்" என்று சொல்லத் தெரியாத நிலையில் இருப்பவரின் முகம் அது.
* குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சாதீர்கள். அவர் ஒரு காலத்தில் பத்துப் பேருக்குத் தொழில் கற்றுக்கொடுத்திருப்பார்.
* நீங்களே நோயைக் கண்டுபிடிக்காதீர்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும், அவற்றைச் சரிசெய்ய முடியும். முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று வந்த குழப்பம் என்றால் தாமதமே கூடாது.
* வர விருப்பமில்லாதவரை இழுத்து வராதீர்கள். நோய் முற்றிய சிலருக்குக் கூட்டமே தொந்தரவு. அவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பதே மேல்.

முதல் அடி என்ன?

ஒரு அறை, நான்கு தன்னார்வலர்கள், இரண்டு குடும்பங்கள். இது போதும், தொடங்கிவிடலாம். ஆட்டோ செலவும் டீச் செலவும்தான் பெரிய பட்ஜெட். வழிகாட்டல் வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு டெலிமனாஸ் 14416. இரண்டும் கட்டணமில்லா எண்கள். முதல் வாரம் ஒருவர் மட்டுமே வந்தாலும் குழுவை நடத்துங்கள். அந்த ஒருவர் வீட்டை விட்டு வெளியே வந்து எத்தனை மாதம் ஆகியிருக்குமோ!