கோரைக் கிழங்கில் ஒரு குளிர்பானம்

பாலைச் சீரணிக்க உதவும் லாக்டேஸ் என்னும் நொதி, பிள்ளைப் பருவம் கடந்தபின் மனிதரிற் பெரும்பாலோருக்குக் குறைந்துபோவது இயற்கையே என்றாலும், பால் ஒவ்வாதவரைப் பத்தியக்காரராகவே பாவிக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஐரோப்பியப் பிரயாணத்தில் இந்தச் சங்கடம் இரட்டிப்பாகிறது. கண்ணாடிப் பேழைக்குள் கண்ணைப் பறிக்கும் பதார்த்தங்களிலெல்லாம் வெண்ணெயோ பாலேடோ கலந்திருக்க, நமக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பழத்துண்டுகளும் பரிசாரகரின் அனுதாபமும்தான். ஆனால் ஸ்பெயின் தேசத்துக் கீழைக் கடற்கரையிலுள்ள வாலென்சியா நகரத்தில், பால் ஒத்துக்கொள்பவர், ஒத்துக்கொள்ளாதவர் என்ற பேதமின்றி ஊர் ஜனங்கள் அனைவரும் கோடைகாலத்தில் தேடிப் பருகும் பானம் ஒன்றில் துளிப் பாலும் கிடையாது.

ஓர்ச்சாத்தா என்பது அதன் பெயர். நகரத்தின் வட எல்லையை ஒட்டிய அல்போராயா என்னும் ஊர் இதற்குப் பேர்போனது. மெட்ரோ ரயிலிலேயே போய்விடலாம். உயரமான குவளையில், வெளிப்புறமெல்லாம் நீர்முத்து அரும்பும் குளிர்ச்சியோடு என்முன் வந்த அந்த வெண்ணிறப் பானத்தைக் கண்டதும் எனக்குச் சந்தேகமே மேலிட்டது. “இதில் பால் உண்டா, அம்மா?” என்று நான் வினவ, பரிமாறிய அம்மையார் விடை கூறாமல் உள்ளே சென்று, பட்டாணி அளவே உள்ள, தோல் சுருங்கிய பழுப்புநிறக் கிழங்குகளை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை வாயிலிட்டேன், முதலில் பல்லுக்குப் பிடிகொடாமல் அடம்பிடித்த கிழங்கு, மெல்ல மெல்ல இனிப்பும் எண்ணெய்ப்பசையுமாக நெகிழ்ந்தது. பிறகு பானத்தைப் பருகிப் பார்த்தால், தேங்காய்ப்பாலின் வழுவழுப்பும் பாதாமின் வாசனையும் கலந்து, அடிநாக்கில் இலேசான மண்வாசனை ஒன்றும் தங்கியது. அந்த மண்வாசனையைத்தான் நான் இதன் உயர்வென்று சொல்வேன்.

சூஃபா என்று அவர்கள் வழங்கும் அந்தக் கிழங்கு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் வயல்களில் உழவர் சலிப்போடு பிடுங்கியெறிவதும், சித்த வைத்தியத்தில் முத்தக்காசு என்னும் பெயரால் மருந்தாவதுமான கோரைக்கு அது நெருங்கிய பந்து. இரண்டும் ஒரே தாவரக் குலத்தைச் சேர்ந்தவை. நம் கோரையின் கிழங்கு கசப்பும் காரமும் மிக்கது. சூஃபாவின் கிழங்கோ மாவும் சர்க்கரையும் எண்ணெயும் நிறைந்தது. வேறு பல நாடுகளில் ஒழிக்க முடியாத களையென்று தூற்றப்படும் அதே புல்லை, வாலென்சியாக்காரர் வாய்க்கால் நீர் பாய்ச்சிப் பயிரிட்டு, 1995ஆம் ஆண்டு முதல் அதற்குப் பிறப்பிடப் பாதுகாப்பும் அளித்திருக்கிறார்கள்.

மணற்பாங்கான நிலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் நட்டு, மேலேயுள்ள புல் காய்ந்தபின் அதை எரித்துவிட்டு, நவம்பர் முதற்கொண்டு மண்ணோடு அள்ளிச் சலித்துக் கிழங்கைப் பிரிக்கிறார்கள். அலசியெடுத்த கிழங்கைக் காற்றோட்டமான பரண்களில் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, ஏறக்குறைய மூன்று மாத காலம் பொறுமையாக உலர்த்தினால்தான் ஈரம் வற்றி இனிப்பு ஏறுகிறது. உலர்ந்த கிழங்கைப் பல மணி நேரம் ஊறவைத்து, நீர்விட்டு அரைத்து, பிழிந்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்தால் ஓர்ச்சாத்தா ஆயிற்று. அடுப்புக்கு இதில் வேலையே இல்லை. காய்ச்சினால் அதிலுள்ள மாச்சத்து வெந்து கஞ்சியாகிவிடும். காய்ச்சாமல் வெளியில் வைத்தாலோ சீக்கிரத்தில் புளித்துவிடும். ஆகவேதான் நல்ல கடைகளில் அன்றன்றைக்கு ஆட்டி, பனிக்கட்டிக் குளிர்ச்சியிலேயே வைத்து விற்கிறார்கள். பாதி உறைந்த பதத்திலும் கிடைக்கும். வெயிலுக்கு அதுவே விசேஷம்.

சூஃபாக் கிழங்கு புராதனமான ஆகாரம். பண்டை எகிப்தியக் கல்லறைகளில் இக்கிழங்கு கிடைத்திருக்கிறது, கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ரெக்மிரே என்னும் மந்திரியின் சமாதிச் சுவரில், இதை இடித்து மாவாக்கிப் பணியாரம் செய்யும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. ஸ்பெயினுக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் அராபியர் என்பர்.

பாலில்லாத பண்டமென்று இக்காலத்தில் விற்கப்படுவனவற்றுள் பல, பசும்பாலைப்போல நடிக்க முயன்று தோற்றவை. ஓர்ச்சாத்தாவுக்கு அத்தகைய முயற்சியே இல்லாமையால், அதைப் பருகுகையில் எதையோ துறந்துவிட்டோம் என்ற நினைவே எழுவதில்லை. உடன் தின்பதற்கு விரல்நீளத்துக்கும் அதிகமாக நீண்டு, மேலே சர்க்கரை பூசிய ஃபார்ட்டோன் என்னும் மெல்லிய ரொட்டியைத் தருவார்கள்; பானத்தில் தோய்த்துத்தான் தின்ன வேண்டும். வழக்கமாக எண்ணெயும் முட்டையும் சேர்த்தே மாவைப் பிசைகிறார்கள் என்றாலும், பால் அறவே ஆகாதவர்கள் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நலம். மெக்சிகோவில் இதே பெயரோடு கிடைப்பது அரிசியில் செய்யும் வேறொரு பானம். அதில் பால் சேர்ப்பவர்களும் உண்டு. ஆதலால், பெயரை நம்பி வாங்காமல் சூஃபாவில் ஆட்டியதுதானா என்று விசாரித்து வாங்குங்கள்; வாலென்சியாவுக்கே போகிறவர்கள், புட்டியில் அடைத்ததைத் தள்ளிவிட்டு, அன்றைக்கு ஆட்டியதையே கேளுங்கள்.