பவுத்திரம்: உட்கார விடாத புண்

போனக்காட்டிலிருந்து விதுராவுக்குக் காலைப் பஸ் இறங்குகிறது. இடம் காலியாக இருக்கிறது. ஆனாலும் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக் கொண்டு நிற்கிறார்.

"உட்காருங்க அக்கா. இடம் கெடக்குதே."

"வேண்டாம் பிள்ளே. நான் நின்னுக்கிடுதேன்."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இப்படி நின்றுகொண்டே போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆண்களில் இன்னும் அதிகம்.

அந்த அக்காவுக்கு ஆசன வாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டி. அது வீங்கும். வலிக்கும். பிறகு உடைந்து சீழ் வரும். வலி குறையும். ஆறிவிட்டது என்று நினைப்பார். சில வாரத்தில் மறுபடியும் வீங்கும். சேலையில் கறை படும். யாரிடம் சொல்வது? மூலம் என்று நினைத்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசுகிறார்.

இது மூலம் அல்ல. இதன் பெயர் பவுத்திரம். மலையாளத்தில் பகந்தரம் என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஃபிஸ்டுலா என்பார்கள்.

ஆசன வாயின் உள்ளே மிகச் சிறிய சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துக் கொண்டால் சீழ் பிடிக்கும். சீழ் வெளியேற வழி தேடும். சதையைத் துளைத்துத் தோலுக்கு வரும். உள்ளே ஓர் ஓட்டை, வெளியே ஓர் ஓட்டை, நடுவில் ஒரு குழாய். எலி வளை மாதிரி. வெளி ஓட்டையை மூடினால் எலி வேறு பக்கம் தோண்டும். களிம்பு வெளி ஓட்டையில்தான் படும். அதனால்தான் களிம்பால் இது தீராது. மாத்திரையால் சீழும் வலியும் சில நாள் அடங்கலாம். குழாய் அப்படியே இருக்கும்.

வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. பிரான்ஸ் நாட்டு மன்னர் பதினான்காம் லூயிக்கும் இதே நோய் வந்தது. குதிரை ஏற முடியவில்லை. களிம்பும் பற்றும் போட்டுப் பார்த்தார்கள். பயன் இல்லை. 1686-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஃபெலிக்ஸ் என்ற மருத்துவர் அறுவை செய்தார். அன்று மயக்க மருந்து கிடையாது. மன்னரைத் தொடும் முன் ஃபெலிக்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழைகளுக்கு அறுவை செய்து கை பழகினார். மன்னர் பிழைத்தார். அந்த ஏழைகள் பட்ட பாட்டை யார் எழுதி வைத்தார்கள்?

இன்று அந்தப் பயம் தேவையில்லை. விதுராவில் தாலுகா ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே காட்டினால், தேவைப்பட்டால் நெடுமங்காட்டுக்கோ திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள். டாக்டர் விரலால் சோதிப்பார். பெண் நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று பெண்கள் கேட்கலாம். அது உங்கள் உரிமை. குழாய் ஆழமாக ஓடினால் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொல்வார்கள். சர்க்கரை நோய் உண்டா என்று பார்ப்பார்கள். சிலருக்குக் காசநோயாலும் பவுத்திரம் வரும். அதனால் அறுத்த சதையைச் சோதனைக்கு அனுப்புவதும் உண்டு.

அறுவைக்கு முன் சுமார் 6 மணி நேரம் சாப்பிடக் கூடாது. பெரும்பாலும் முதுகில் ஊசி போடுவார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும். வலி தெரியாது. குழாயை நீளவாக்கில் கீறித் திறப்பார்கள். சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிலர் அன்றே வீடு திரும்பலாம். சிலர் ஓரிரு நாள் தங்க வேண்டும்.

கண் விழித்ததும் பலர் கேட்கும் கேள்வி: "ஏன் தையல் போடவில்லை?"

மறந்து போய் விட்டதல்ல. வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறார்கள். மேலே தைத்துவிட்டால் அடியில் மறுபடி சீழ் கட்டும். புண் அடியிலிருந்து மேலே தூர்ந்து வர வேண்டும். கிணறு தூர்வது போல. அதற்கு 4 முதல் 8 வாரம் ஆகும். சிலருக்கு இன்னும் அதிகம்.

மலத்தை அடக்கி வைக்க ஆசன வாயைச் சுற்றி ஒரு தசை இருக்கிறது. குழாய் அந்தத் தசையை ஆழமாகத் துளைத்துப் போனால், ஒரே வெட்டாக வெட்ட முடியாது. மலம் அடக்கும் சக்தி போய்விடும். அப்போது குழாய்க்குள் ஒரு நூலைக் கோத்துக் கட்டுவார்கள். சீழ் வடிந்துகொண்டே இருக்கும்.

ஆயுர்வேதத்திலும் நூல் வைத்தியம் உண்டு. அதன் பெயர் க்ஷார சூத்திரம். நூலில் இலைக்கள்ளிப் பால், நாயுருவிச் சாம்பலில் எடுத்த உப்பு, மஞ்சள் ஆகியவற்றை மொத்தம் 21 தடவை பூசிக் காய வைப்பார்கள். நாயுருவி நம் வழியோரச் செடிதான். நடக்கும்போது துணியில் ஒட்டுமே, அதுதான். வாரம் ஒரு முறை நூல் மாற்றுவார்கள். நூல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயை அறுக்கும். பின்னாலேயே புண் ஆறிவரும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. முடிவு 1991-இல் வெளிவந்தது. அறுவையில் புண் ஆறச் சுமார் 4 வாரம் ஆனது. நூலில் 8 வாரம். ஆனால் ஓர் ஆண்டுக்குள் நோய் திரும்பி வந்தது அறுவையில் 100-க்கு 11 பேருக்கு. நூலில் 100-க்கு 4 பேருக்கு. திருவனந்தபுரம் அரசு ஆயுர்வேதக் கல்லூரியில் இதைப் பற்றிக் கேட்கலாம். ஆனால் போனக்காட்டிலிருந்து வாரா வாரம் அங்கே போய் வருவது லேசான காரியம் அல்ல. அதையும் யோசித்து டாக்டரிடம் பேச வேண்டும். வீட்டில் கள்ளிப்பால் எடுத்துத் தடவும் வேலை மட்டும் கூடவே கூடாது. சதை வெந்து போகும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பொறுமை வேண்டும். முதல் ஒரு வாரம், பத்து நாள் வலி இருக்கும். கொடுத்த மாத்திரையை நேரத்துக்குப் போட வேண்டும். ஒரு பெரிய பேசினில் இளஞ்சூடான தண்ணீர் ஊற்றி, இடுப்பு நனைய 10 நிமிடம் உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தடவை. மலம் போன பிறகும் ஒரு தடவை. மருந்து எதுவும் கலக்க வேண்டாம். பிறகு மெல்ல ஒற்றித் துடைத்துச் சுத்தமான துணி வைக்க வேண்டும். மஞ்சள் நீரும் கொஞ்சம் ரத்தமும் சில வாரம் கசியும். அது கெட்ட அறிகுறி அல்ல.

முதல் முறை மலம் போக எல்லோருக்கும் பயம். பயந்து அடக்கினால் மலம் இறுகும். பிறகு இன்னும் வலிக்கும். சாப்பிடாமல் கிடப்பதும் தவறு. கஞ்சியும் பயறும், முருங்கைக் கீரை, வாழைப்பழம் சாப்பிடலாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கக்கூஸ் இல்லை என்று பல பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. இந்தச் சமயத்தில் அந்தப் பழக்கம் ஆகாது.

கூலிதான் பெரிய கவலை. தோட்டத்தில் சம்பளம் நின்று போனதால் பலர் வெளியே கூலிக்குப் போகிறார்கள். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை. லேசான வேலை என்றால் இரண்டு வாரத்தில் தொடங்கலாம். சுமை தூக்கும் வேலைக்கு டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும். சிகிச்சைச் செலவுக்குக் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் இருக்கிறது. அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆஸ்பத்திரியில் சேரும்போதே அட்டையைக் காட்ட வேண்டும்.

காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. வலி குறையாமல் கூடினாலும், சிறுநீர் போகாவிட்டாலும், துணி நனைந்து நனைந்து ரத்தம் வந்தாலும் உடனே போக வேண்டும். மலத்தை அடக்க முடியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வலி போய்விட்டது என்று மறு பரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. மேல் தோல் மட்டும் சேர்ந்து, அடியில் ஆறாமல் இருக்கலாம். அதை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. சீட்டில் எழுதிய தேதியில் டாக்டர் பார்த்து, "இனித் துணி வைக்க வேண்டாம்" என்று சொல்லும் வரை போய் வர வேண்டும்.