மலைவழி அறிதல்

பாலாற்றங்கரையில் அமைந்த வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் உலகறிந்தவை. வேதிப்பொருள்கள் பெருகுவதற்கு முன்னர், தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. கடுக்காய், மலைக்காட்டின் விளைபொருள். இந்நகரங்களிலிருந்து நோக்கினால் தெரியும் ஜவ்வாது மலையும் ஏலகிரியும் இன்று மலையேற்றத்தில் ஆர்வமுடைய இளைஞரை ஈர்க்கின்றன. கண்ணுக்கு அண்மையில் தோன்றும் மலை, காலுக்கு எளிதாவதில்லை. காட்டினுள் வழியறிதல் ஒரு கல்வி. அதைக் கற்காமல் செல்வோர் உயிருக்கே ஊறு நேரலாம்.

பழந்தமிழர் காட்டிய வழி

பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. இதனை இயற்றியவர் பெருங்கௌசிகனார். ஜவ்வாது மலைக்கு அண்மையிலுள்ள செங்கம், அன்று செங்கண்மா எனப்பட்டது. அங்கு ஆட்சி புரிந்த நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டுவதாக இந்நூல் அமைந்துள்ளது. பன்றியைப் பிடிக்க வைத்த பொறி, பாம்பு, வழுக்கும் பாறை, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் என வழியிலுள்ள இடர்களை அது முன்கூட்டியே எச்சரிக்கிறது. இரவானால் குகையில் தங்கவும், வழி தவறினால் பாறைமீது ஏறி இசைக்கருவிகளை ஒலிக்கவும் அறிவுறுத்துகிறது. ஒலியைக் கேட்டுக் கானவர் உதவிக்கு வருவர். கிளைவழிகளில் பின்வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்குமாறும் அது கூறுகிறது. இன்றைய மீட்புப் பயிற்சிகளிலும் இவ்வறிவுரைகளின் சாரம் உள்ளது.

திசை அறிதல்

'நேராக நடந்தால் எங்காவது வெளியே வந்துவிடலாம்' என்னும் நம்பிக்கை தவறானது. செருமனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள், காட்டிலும் பாலைவனத்திலும் மனிதரை நடக்கவிட்டு ஆராய்ந்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். சூரியன் தெரிந்தபோது நேராக நடந்தவர்கள், மேகம் மறைத்தபோது தம்மை அறியாமலே வட்டமிட்டு நடந்தனர். ஆகவே, திசைகாட்டும் அடையாளம் ஒன்று எப்போதும் தேவை.

குளிர்நாட்டு நூல்கள் கூறும் வழிமுறைகள் நம் நாட்டிற்கு அப்படியே பொருந்தா. நண்பகல் நிழல் வடக்கு நோக்கி விழும் என்பது அவற்றுள் ஒன்று. வேலூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சக்கோட்டில் உள்ளது. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை, நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழும். எந்தப் பருவத்திலும் நண்பகலையொட்டி நம்பத்தக்க முறை ஒன்றுண்டு. சமதரையில் ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வைக்க வேண்டும். கால் மணி நேரத்திற்குப் பின் நுனி நகர்ந்த இடத்தில் மற்றொரு கல்லை வைக்க வேண்டும். முதற்கல் மேற்கையும் இரண்டாம் கல் கிழக்கையும் ஏறத்தாழக் காட்டும்.

இரவில் வடதிசையைக் காட்டும் துருவ விண்மீன், இங்குத் தொடுவானத்திலிருந்து 13 பாகை உயரத்திலேயே தென்படும். சற்றே உயர்ந்த மலைமுகடும் அதனை மறைத்துவிடும். குளிர்கால இரவுகளில் ஓரியன் மண்டலத்தின் நடுவிலுள்ள மூன்று விண்மீன்கள் ஏறத்தாழ நேர்கிழக்கில் எழுந்து நேர்மேற்கில் மறைவதைக் காணலாம். ஜவ்வாது மலையின் வானம், விண்மீன்களைக் காண ஏற்றது. அதனாலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது.

வரைபடமும் காலக்கணக்கும்

1767-இல் தொடங்கப்பெற்ற இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத்திட்ட வரைபடத்தில் 2 செ.மீ. என்பது நிலத்தில் 1 கி.மீ. ஆகும். சமஉயரக்கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்தானது, விலகியிருந்தால் மென்சரிவு.

தொலைவை மட்டும் கணக்கிடுதல் போதாது. நெய்ஸ்மித் என்னும் இசுகாட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு கணக்கு வகுத்தார். 5 கி.மீ. நடக்க ஒரு மணி நேரம். 600 மீட்டர் ஏற ஒரு மணி நேரம் கூடுதல். இதன்படி 600 மீட்டர் ஏற்றமுள்ள 6 கி.மீ. வழிக்கு 2 மணி 12 நிமிடம் ஆகும். முட்புதரும் வெயிலும் உள்ள நம் காடுகளில் இதனினும் மிகுதியாகும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்து, விரைவில் இருள் சூழும். எனவே, எந்நேரத்தில் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்தல் வேண்டும்.

கைபேசியின் செயற்கைக்கோள் வழிகாட்டி, அலைத்தொடர்பு இல்லாவிடினும் இருப்பிடத்தைக் காட்டும். ஆயினும், வரைபடத்தை முன்பே பதிவிறக்கியிருக்க வேண்டும். மின்கலமும் தீராதிருக்க வேண்டும்.

வழி தவறினால்

முதலில் நிற்க வேண்டும். அச்சத்தில் விரைந்து நடப்பவர், தேடுவோரிடமிருந்து மேலும் விலகிச் செல்கிறார். அமர்ந்து, நீர் அருந்தி, கடைசியாக உறுதியாக அறிந்த இடத்தை நினைவுகூர வேண்டும். அங்குச் செல்லும் வழி ஐயமின்றித் தெரிந்தாலன்றி நகரக் கூடாது. ஓடையைப் பின்பற்றி இறங்குவதும் ஆபத்தே. இம்மலை ஓடைகள் ஜலகாம்பாறை போன்ற அருவிகளாகச் செங்குத்தாக விழக்கூடும். ஊதலை மும்முறை ஒலித்து, இடைவெளி விட்டு மீண்டும் ஒலிப்பது உலகறிந்த உதவிக்குறி. அலைத்தொடர்பு கிடைப்பின் 112 என்னும் எண்ணை அழைக்கலாம்.

குரங்கணி தந்த பாடம்

2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ, மேல்நோக்கிய சரிவில் விரைந்து பரவும். கீழே எரியும் சுடர், மேலுள்ள புல்லை முன்பே உலர்த்திச் சூடாக்கிவிடுகிறது. ஆகவே, கோடையில் உலர்ந்த புற்சரிவுகளைத் தவிர்த்தல் வேண்டும். புகை தென்பட்டால் மேலேறாமல், தீயின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறைப்பரப்பை நாட வேண்டும். அந்நிகழ்வுக்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகளை வகுத்தது. வனத்துறையின் அனுமதியும் பயிற்சி பெற்ற வழிகாட்டியின் துணையும் பயணத்தின் முதற்படியாகும்.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அதன் ஓடைகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் தலைமுறைகளாக அறிந்தவர்கள். அவர்களிடம் கேட்டறிந்து செல்வது சிறுமையன்று. செல்லும் வழி, உடன் வருவோர், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுதல் வேண்டும். நாம் திரும்பாதபோது எங்குத் தேடுவது என்பதை அத்தாளே மீட்போர்க்கு உணர்த்தும். கிளைவழியில் முடிந்து வைத்த புல்லைப் போல, அது நம்மைத் தேடி வருவோர்க்கு அடையாளமாகும்.